புள்ளி வைத்த ‘ப்’: மகளின் முதல் கிண்டர்கார்டன் இலையுதிர்காலம்

அமெரிக்காவில் செப்டம்பர் தொடக்கத்தில் வரும் லேபர் டே விடுமுறை முடிந்த வாரம் மகள் முதன்முறையாக மஞ்சள் பேருந்தில் ஏறினாள். முதுகை விடப் பெரிய பை, கழுத்தில் பேருந்து எண் எழுதிய அட்டை. இதோ நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை வரப்போகிறது. இந்த மூன்று மாதத்தில் வகுப்பில் அவள் என்ன கற்றாள், வீட்டில் நான் என்ன கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்பதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. அடுத்த செப்டம்பரில் பிள்ளையை அனுப்பப் போகிறவர்கள் யாருக்காவது உதவும்.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியின் நடுப்பகுதி. எங்கள் ஊரில் அக்டோபர் 1-க்குள் ஐந்து வயது நிரம்பினால் கிண்டர்கார்டன். நம் ஊர்க் கணக்கில் யுகேஜி வயது. அங்கேதான் எனக்குச் சிக்கல் ஆரம்பித்தது. திருநெல்வேலியில் யுகேஜி படிக்கும் தம்பி மகன் ஒன்று முதல் நூறு வரை நான்கு கோடு நோட்டில் எழுதுவதை வாட்ஸ்அப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே வெள்ளிக்கிழமை ஃபோல்டரைத் திறந்தால் வண்ணம் தீட்டிய ஓர் ஆப்பிள், கத்தரித்து ஒட்டிய ஒரு காகித இலை, புள்ளி போட்ட ஒரு தாள். முதல் மூன்று வாரமும் இதுதான். பள்ளியில் எதுவும் சொல்லித் தரவில்லை என்றே முடிவு செய்துவிட்டேன். மாலையில் உட்கார வைத்து நானே எழுத வைத்தேன். அவள் அழுதாள். அது தவறு என்று புரிய அக்டோபர் ஆயிற்று.

முதல் சில வாரங்கள் முழுக்க நடைமுறைதான். வரிசையில் நிற்பது, கம்பளத்தில் சம்மணம் போட்டு உட்காருவது, கை தூக்கிப் பேசுவது, பாத்ரூம் போக வேண்டும் என்று வாய் திறந்து சொல்வது. மதிய உணவுக்கு ஏறக்குறைய இருபது நிமிடம். ஐந்து வயது வரை ஊட்டியே வளர்த்திருந்தோம். முதல் வாரம் டப்பா அப்படியே திரும்பி வந்தது. சாப்பாடு பிடிக்காமல் இல்லை, மூடியைத் திறக்க வரவில்லை, கேட்கவும் கூச்சம். எழுத்து, எண் எல்லாவற்றுக்கும் முன்னால் கோடை விடுமுறையிலேயே பழக்க வேண்டியவை இவைதாம்: அவள் கையாலேயே டப்பாவைத் திறந்து மூடி, இருபது நிமிடத்துக்குள் சாப்பிட்டு முடிப்பது, ஜாக்கெட் ஜிப்பைக் கீழே கோத்து மேலே இழுப்பது. நவம்பர் குளிர் வந்துவிட்டால் இருபது பிள்ளைகளுக்கும் ஒரு டீச்சரே ஜிப் போட்டுவிட முடியாது. சப்பாத்திச் சுருள், இட்லித் துண்டு, வெள்ளரிக்காய் என்று கையில் எடுத்து உண்பவற்றுக்கு மாறிய பிறகு டப்பா காலியாக வந்தது.

அப்புறம் எழுத்து. ஏ முதல் இஸட் வரை மூன்று வயதிலேயே ஒப்பிப்பாள், அதில் எனக்குப் பெருமை. ஆனால் வகுப்பில் முதலில் எடுத்தது எழுத்தின் பெயரை அல்ல, ஒலியை. ஏன் என்று பின்னால்தான் புரிந்தது. பூனைக்கான ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சி, ஏ, டி என்று எழுத்துகளின் பெயரைச் சேர்த்துச் சொன்னால் ‘சியேடி’ என்றுதான் வரும், ‘கேட்’ வராது. தமிழில் நமக்கு இந்தத் தொல்லையே இல்லை. ‘ம’ என்ற எழுத்தைப் பார்த்தால் ‘ம’ என்கிறோம், அதுவே அதன் ஒலி. பெயரும் ஒலியும் வேறு வேறாக இருக்க முடியும் என்பதே தமிழில் படித்த எனக்கு உறைக்கவில்லை.

செப்டம்பர் கடைசியில் பெற்றோருக்கு ஒரு மாலைக் கூட்டம் வைத்தார்கள். டீச்சர் ஒரு சொல்லைச் சொல்லி அதன் ஒலிகளைப் பிரித்துக் காட்டினார். “வீட்டில் சொல்லிக் கொடுக்கும்போது ஒலிக்குப் பின்னால் ‘அ’ சேர்த்துவிடாதீர்கள்” என்றார். வரைபடத்துக்கான ‘மேப்’ என்ற சொல்லை ‘ம, ஏ, ப’ என்று பிரித்தால் குழந்தை திரும்பச் சேர்க்கும்போது ‘மஏப’ என்று திணறும். ‘ம்’ என்று உதட்டை மூடி முனக வேண்டும், கடைசியில் ‘ப்’ என்று உதட்டைச் சட்டென்று மூட வேண்டும், அவ்வளவுதான். சுற்றிலும் பெற்றோர்கள் முயன்று பார்க்கிறார்கள், எல்லோருக்கும் ‘ப’ என்றே வருகிறது. எனக்கு அப்போது உடம்பு சிலிர்த்துவிட்டது. அவர் கேட்பது மெய்யெழுத்து! ‘ப’ வேண்டாம், புள்ளி வைத்த ‘ப்’ வேண்டும் என்கிறார். ஆங்கிலத்தில் அதைக் காட்டும் புள்ளி எதுவும் இல்லை. நமக்கு எழுத்தின் தலையிலேயே புள்ளி இருக்கிறது.

அன்று இரவே ஆரம்பித்தோம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் அவள் ‘இக், இங், இச்’ சொல்லப் பழகியிருந்தாள். மெய்யைத் தனியே ஒலிப்பது கடினம் என்பதால்தான் நம் ஆசிரியர்கள் முன்னால் ஓர் ‘இ’ சேர்த்துச் சொல்லித் தருகிறார்கள். பின்னால் எதுவும் ஒட்டாது. “இப் சொல்லு” என்றேன். சொன்னாள். “இப்போ அந்த இ-யை மனசுக்குள்ள மட்டும் சொல்லிட்டு மிச்சத்தை வெளியே சொல்லு.” உதடு மூடியது, ‘ப்’. அப்படியே த், ட், க், ம், ஸ். இரண்டு வாரத்தில் ஒலிகளைச் சேர்ப்பது அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. ம் என்ற மெய்யோடு ஏ என்ற உயிர் சேர்ந்தால் மே, அதோடு ப். உயிர்மெய் என்று நாம் படித்த அதே கணக்கு. வீட்டில் தமிழ் எழுத்து தெரிந்த யாராவது இருந்தால் இந்த வழியைப் பயன்படுத்திப் பாருங்கள், தனியாக எந்தச் செயலியும் தேவைப்படவில்லை.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. ‘பல்’லில் வருவதும் ‘தம்பி’யில் வருவதும் நமக்கு ஒரே ப. ஆங்கிலத்தில் அவை P, B என்று இரண்டு எழுத்து. மகள் இரண்டையும் குழப்பினாள். தொண்டையில் கை வைத்துப் பார்க்கச் சொன்னேன். ‘தம்பி’யில் வரும் ஒலிக்கு அதிர்வு இருக்கும், ‘பல்’லில் வரும் ஒலிக்கு இருக்காது. ஒரு வாரம் வீடு முழுக்கத் தொண்டையைப் பிடித்துக்கொண்டே திரிந்தாள். எஃப், இஸட் ஒலிகளைக் கண்ணாடி முன்னால் நின்று உதட்டையும் பல்லையும் பார்த்துப் பழகினாள்.

வகுப்பில் இதற்கென்று ஒரு தாள் இருக்கிறது, அடுத்தடுத்து சில பெட்டிகள் வரைந்தது. டீச்சர் ஒரு சொல்லைச் சொல்வார், பிள்ளைகள் ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு வில்லையைப் பெட்டிக்குள் தள்ள வேண்டும். கப்பலுக்கான ‘ஷிப்’பில் ஆங்கில எழுத்து நான்கு, ஆனால் ஷ், இ, ப் என்று ஒலி மூன்றுதான், ஆகவே மூன்று பெட்டி. எல்கோனின் என்ற ரஷ்ய உளவியலாளர் கொண்டுவந்த முறையாம். வீட்டில் வில்லைக்குப் பதில் கொண்டைக்கடலை.

இதோடு சைட் வேர்ட் பட்டியலும் வருகிறது, பார்த்ததும் படிக்க வேண்டிய சொற்கள். 1936-இல் எட்வர்ட் டால்ச் என்பவர் இப்படி 220 சொற்களைத் தொகுத்தார், அதன் வாரிசுகள் இன்னும் பல பள்ளிகளில் சுற்றுகின்றன. முன்பு அட்டையைக் காட்டிக் காட்டி மனப்பாடம் செய்ய வைப்பார்கள். இப்போது மகளின் வகுப்பில் வேறு மாதிரி. ‘சொன்னான்’ என்பதற்கான ‘ஸெட்’டில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒழுங்காகத்தான் ஒலிக்கின்றன, நடுவில் இருக்கும் இரண்டு எழுத்து மட்டும் முரண்டு பிடிக்கிறது. அந்த இரண்டின் மேல் மட்டும் ஒரு சின்ன இதயம் வரைகிறார்கள். அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். முழுச் சொல்லையும் விழுங்கச் சொல்லாமல் முரண்டு பிடிக்கும் இடத்தை மட்டும் காட்டுவது எவ்வளவு கருணையான வழி!

அக்டோபரில் ஒரு நாள் பூசணிக்காய்ப் படம் வரைந்து அடியில் பி, எம், கே, என் என்று நான்கே எழுத்து எழுதிக் கொண்டுவந்தாள். ‘பம்ப்கின்’ என்று படித்துக் காட்டினாள். நான் சிவப்புப் பேனாவை எடுத்துச் சரியான எழுத்துக்கூட்டலை மேலே எழுதிவிட்டேன். அவள் முகம் வாடியது. பிறகு ஒரு வாரம் வீட்டில் எதையும் எழுத மறுத்தாள், “நீ எழுதிக் கொடு” என்றே நின்றாள். டீச்சரிடம் கேட்டபோது, அந்த நான்கு எழுத்தும் அவள் காதால் கேட்டுத் தானே கண்டுபிடித்தவை, இந்த வயதில் அதுதான் எழுத்துப் பயிற்சி, எந்த ஒலி விடுபட்டது என்பதே அடுத்து எதைச் சொல்லித் தர வேண்டும் என்று தனக்குக் காட்டும் என்றார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். என் சிவப்பு எழுத்தைப் பார்க்கும்போது மனது வலிக்கிறது.

பள்ளியில் சேர்க்கும்போது வீட்டில் பேசும் மொழி என்ன என்று ஒரு படிவம் தருவார்கள். இதைப் பற்றித் தமிழ்ப் பெற்றோரிடையே நிறையக் குழப்பம். “ஆங்கிலம்னு போட்டுடுங்க, இல்லாட்டித் தனி வகுப்புல போட்டுருவாங்க” என்று தோழிகள் எச்சரித்தார்கள். உண்மையை எழுதினேன், தமிழ். அதனால் அவளைத் தனியே அழைத்து ஆங்கிலம் எவ்வளவு புரிகிறது, பேசுகிறாள் என்று பார்த்தார்கள். வருடத் தொடக்கத்தில் கிண்டர்கார்டன் பிள்ளைகளிடம் கேட்பதையும் பேசுவதையும் மட்டுந்தான் சோதிக்கிறார்கள், படிக்கவோ எழுதவோ சொல்வதில்லை. சில வாரத்தில் அவளுக்கு ஆங்கிலத் துணை வகுப்பு தேவை என்று கடிதம் வந்தது. பள்ளி தொடங்கி 30 நாளுக்குள் இப்படித் தெரிவிக்க வேண்டும் என்பது அமெரிக்க மத்திய அரசின் சட்டம். வேண்டாம் என்று மறுக்கும் உரிமையும் பெற்றோருக்கு உண்டு. இரண்டு நாள் மனம் கொதித்தது, பிள்ளைக்குக் குறை சொல்லிவிட்டார்கள் என்று. பிறகு ஒப்புக்கொண்டோம். தினமும் அரை மணி நேரம், நான்கைந்து பிள்ளைகள், ஒரு டீச்சர். இருபது பேர் நடுவில் வாய் திறக்காதவள் அங்கே பேசத் தொடங்கினாள். “வீட்டில் தமிழை நிறுத்திவிடாதீர்கள், கதைகளைத் தமிழிலேயே சொல்லுங்கள்” என்று முதலில் சொன்னதும் அந்தத் துணை வகுப்பு டீச்சர்தான். தமிழில் கதையைக் கோவையாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் சொல் மட்டுமே புதிது, கதை சொல்லும் திறன் ஏற்கெனவே இருக்கிறது என்பது அவர் விளக்கம்.

கணக்கில் எனக்கு இன்னொரு பாடம் காத்திருந்தது. மகள் நூறு வரை மூச்சுவிடாமல் சொல்வாள். ஒரு நாள் சமையலறையில் “ஏழு பாதாம் எடுத்துத் தா” என்றேன். எண்ணிக்கொண்டே வந்து பன்னிரண்டு பாதாமைக் கையில் கொட்டினாள். ஏழில் நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. எண்களின் வரிசை பாட்டாக வருகிறது, ஏழு என்பது எவ்வளவு என்று தெரியவில்லை. செப்டம்பர், அக்டோபர் முழுக்க வகுப்பில் ஐந்துக்குள், பிறகு பத்துக்குள் என்றே சுற்றிக்கொண்டிருந்ததன் காரணம் அன்றுதான் விளங்கியது. ஆண்டு முடிவுக்குள் நூறு வரை எண்ணவும், இருபது வரை எழுதவும், ஐந்துக்குள் கூட்டல் கழித்தல் தடையில்லாமல் செய்யவும் வர வேண்டும், இதுதான் இலக்கு. எண்ணிக்கை நூறு, கூட்டல் ஐந்துக்குள் என்பது விந்தையாகத் தெரியலாம். ஆனால் அந்த ஐந்தை அவர்கள் திருப்பித் திருப்பிப் பார்க்க வைக்கிறார்கள். நான்கும் ஒன்றும், மூன்றும் இரண்டும், ஐந்தும் சுழியமும். பகடையில் உள்ள புள்ளிகளை எண்ணாமல் பார்த்தவுடன் சொல்ல வேண்டும். மேலே ஐந்து கீழே ஐந்து என்று பத்துக் கட்டம் போட்ட ஒரு சட்டகத்தில் எட்டு வில்லை வைத்தால், எட்டு மட்டுமல்ல, பத்துக்கு இன்னும் இரண்டு வேண்டும் என்பதும் கண்ணில் பட வேண்டும்.

அப்போது ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார்கள், பெட்டியில் பல்லாங்குழியோடு. வரிசைக்கு ஏழாகப் பதினான்கு குழி, புளியங்கொட்டை. ஒரு குழியில் உள்ளதை அள்ளி அடுத்தடுத்த குழிக்கு ஒவ்வொன்றாகப் போட வேண்டும். குழிக்கு ஒன்று, விடாமல், இரண்டு போடாமல். எண்ணும்போது பொருளையும் எண்ணையும் ஒன்றுக்கு ஒன்றாகப் பொருத்துவதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு, எடுத்துக்கொள்ளலாம். மகள் ஒவ்வொரு குழியாக விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். “எண்ணாத ஏட்டி, பாத்ததும் தெரியணும். நாலு சேந்துட்டுல்லா, பசு” என்றார்கள் அம்மா. டீச்சர் பகடையை வைத்துச் சொன்னதையேதான் ஆச்சியும் புளியங்கொட்டையை வைத்துச் சொன்னார்கள். பத்து நாளில் மகள் பசுவை ஆச்சிக்கு முன்னால் பிடித்தாள்.

பத்துக்கு மேற்பட்ட எண்களை டீச்சர் குளிர்காலத்தில்தான் ஆழமாக எடுப்பாராம். ஆங்கிலத்தில் அவை பிள்ளைகளைத் தடுமாற வைக்கும். லெவன், ட்வெல்வ் என்பதில் பத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்றே தெரியாது; தர்ட்டீன் என்பதில் மூன்று முன்னால் வந்துவிடுவதால் 31 என்று எழுதிவிடுவார்கள். தமிழில் பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும், பதின்மூன்று என்றால் பத்தும் மூன்றும், வரிசையும் எழுதும் வரிசையே. அதனால் வீட்டில் பத்து முதல் பத்தொன்பது வரை தமிழில் எண்ணிப் பழக்குகிறோம். பத்துக் கட்டத்தை நிரப்பிவிட்டு வெளியே மூன்று கடலை வைத்து “பதின்மூன்று” என்றால் அவள் கண்ணுக்கே தெரிகிறது.

ஆப்பிள், பூசணி, இலை மூன்றும் வகுப்பின் எல்லாப் பாடத்துக்குள்ளும் நுழைந்துவிட்டன. செப்டம்பரில் சிவப்பு, பச்சை, மஞ்சள் ஆப்பிளைச் சுவைத்து, பிடித்ததன் மேல் காகித ஆப்பிளை ஒட்டினார்கள். எதற்கு எத்தனை, எது எதைவிட எவ்வளவு அதிகம் என்று பேசினார்கள். ஆப்பிளைக் குறுக்கே வெட்டி உள்ளே ஐந்து அறை நட்சத்திரத்தைப் பார்த்தார்கள். அக்டோபரில் பூசணி மூழ்குமா மிதக்குமா என்று முதலில் ஊகம், பிறகு சோதனை. அத்தனை கனமான பூசணி மிதந்ததை மகளால் நம்பவே முடியவில்லை. உள்ளே காலி இடம் இருக்கிறது என்று நான்கு நாள் எல்லோருக்கும் சொன்னாள்.

இலைதான் எங்கள் வீட்டில் அதிகம் பேசப்பட்டது. பத்து இலை கொண்டுவரச் சொன்னார்கள். மாலையில் அம்மாவும் அவளும் தெருவில் பொறுக்கினார்கள். மேப்பிள் இலையைப் பார்த்து அம்மா “ஆமணக்கு இலை மாதிரில்லா இருக்கு” என்றார்கள், உண்மையில் அதே விரித்த கை வடிவம். இன்னொன்று ரெட் ஓக், நியூ ஜெர்சியின் மாநில மரம். தரையில் பரப்பி நிறம் பார்த்துப் பிரித்தாள், கலைத்துவிட்டு ஓரம் பார்த்துப் பிரித்தாள், அப்புறம் அளவு. பிறகு அவள் மனதுக்குள் ஒரு விதி வைத்துப் பிரிப்பாள், நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு முறை யாராலும் முடியவில்லை. பூச்சி கடித்தவை ஒரு பக்கம், கடிக்காதவை மறுபக்கம்.

“இலைக்கு மஞ்சள் எங்கிருந்து வந்தது?” என்று கேட்டாள். மஞ்சள் கோடையிலேயே உள்ளே இருந்தது, பச்சை அதை மூடியிருந்தது, பகல் சுருங்கியதும் மரம் பச்சையைத் தயாரிப்பதை நிறுத்திக்கொள்கிறது, அப்போது மஞ்சள் வெளியே தெரிகிறது என்றேன். சிவப்பு மட்டும் வேறு. இலையில் தங்கிய சர்க்கரையைக் கொண்டு பல மரங்கள் அதை இந்தப் பருவத்தில்தான் புதிதாக உண்டாக்குகின்றன. வெயில் நல்ல பகலும் குளிர்ந்த இரவுமாக இருந்தால் சிவப்பு கூடும். கேள்வி கேட்கும் நேரத்தில் பதில் சொல்லிவிட வேண்டும், அடுத்த நாள் அந்தக் கேள்வி இருக்காது.

அக்டோபர் இரண்டாம் வாரம் தீத்தடுப்பு வாரம். 1871-இல் சிகாகோவை எரித்த பெருந்தீயை ஒட்டி இந்த வாரம் அமைந்தது. தீயணைப்பு வண்டி பள்ளிக்கு வந்தது. அன்று மாலை வந்ததும் மகள் கேட்டது: “நம்ம வீட்ல புகை அலாரம் எங்கே? வெளியே போக ரெண்டு வழி எது? எல்லாரும் எங்கே போய் நிக்கணும்?” தாளிக்கும்போதெல்லாம் அலறுகிறதே என்று சமையலறைப் பக்கத்து அலாரத்தின் பேட்டரியைக் கழற்றி வைத்திருந்தோம். அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை. அன்றே புதுப் பேட்டரி போட்டு, அடுப்பிலிருந்து பத்து அடிக்கு அப்பால் தள்ளி மாட்டினோம். கூடும் இடம் தபால் பெட்டி என்று முடிவாயிற்று. அவள் படம் வரைந்து குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள்.

நவம்பரில் டீச்சரோடு தனிச் சந்திப்பு, பதினைந்து நிமிடம். ரேங்க் கிடையாது, மதிப்பெண் கிடையாது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து சேர்த்து 52-இல் எத்தனை தெரியும், எத்தனை ஒலி தெரியும், எத்தனை வரை எண்ணுகிறாள், கத்தரிக்கோல் எப்படிப் பிடிக்கிறாள் என்று ஒரு தாள். போகும் முன் இரண்டு கேள்வி எழுதிக்கொண்டு போனேன்: வகுப்பில் யாரோடு விளையாடுகிறாள், எந்த நேரத்தில் சோர்ந்து போகிறாள். நேரம் குறைவு, முதலிலேயே கேட்டுவிடுங்கள். மதிய உணவுக்குப் பின் சோர்கிறாள் என்றார், அதனால் இப்போது இரவு எட்டுக்கே விளக்கணைப்பு. மாலையில் எழுத வைப்பதையும் நிறுத்திவிட்டேன். அந்த நேரத்துக்குப் பட்டாணி உரிப்பதும் சப்பாத்தி மாவைப் பிசைவதும் வந்துவிட்டன. விரலுக்குப் பலம் வந்தபின் பென்சில் தானாக நிற்கிறது.

நேற்று பேருந்துக்காக மூன்று பேரும் தெரு முனையில் நின்றோம். மரம் எல்லாம் மொட்டையாகிவிட்டது, காலடியில் இலை நொறுங்கியது. எதிரே இருந்த சிவப்பு எண்கோணப் பலகையைப் பார்த்தபடி நின்றவள், தினமும் பார்க்கும் பலகைதான், திடீரென்று ஆச்சியின் கையை விட்டுவிட்டு ஒவ்வொரு விரலாக மடக்கினாள். “ஸ்… ட்… ஆ…” கடைசி விரல் மடங்கியபோது உதட்டை மூடினாள். அப்படியே சிறிது நேரம் மூடியே வைத்திருந்தாள். பிறகு ஆச்சியைத் திரும்பிப் பார்த்து, “ஸ்டாப். புள்ளி வச்ச ப், ஆச்சி” என்றாள்.